முன்னமே கிடைத்த மதிப்பு

(காஞ்சிபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



தமிழ்நாட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், பல குடும்பங்களின் நினைப்பு உடனே வந்து நிற்பது இந்த ஊரில்தான். காந்தி ரோட்டுக் கடைகளில் முகூர்த்தச் சேலை எடுக்க உட்கார்ந்திருக்கிறவர்களைச் சற்று நேரம் கவனித்தால் போதும். பெண்ணுக்குப் பிடித்த நிறம் ஒன்று இருக்கும். கடைசியில் கட்டிக் கொடுக்கச் சொல்வது வேறொன்றாக இருக்கும். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள், மேடையில் ஜரிகை எடுப்பாகத் தெரியுமா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கேள்விகள் நடுவில் புகுந்துவிடும். இதில் பட்டின் மேலும் குற்றமில்லை, அதை நெய்த கைகளின் மேலும் குற்றமில்லை. நாம் படிக்கிற படிப்பு, கட்டுகிற வீடு, வைக்கிற பந்தி, சில வேளை செய்கிற வழிபாடுகூட அந்த நாலு பேரை முன்னிட்டே நடக்கிறது. கடன் வாங்கிச் செய்கிறோம். உடல்நலம் கெடும் அளவுக்குச் செய்கிறோம். பிள்ளைகளின் வாழ்க்கையை அடகு வைத்தும் செய்கிறோம்.

இந்தப் பிடியிலிருந்து விடுபட வழி உண்டா என்று எல்லாச் சமயங்களும் கேட்டிருக்கின்றன. கிறித்தவம் தரும் பதிலை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடவுளின் அன்பு நம் செயலுக்கு முன்பாகவே வந்துவிட்டது என்று நம்புகிறவர், மதிப்பைச் சம்பாதிக்கும் ஓயாத வேலையிலிருந்து விடுபடுகிறார். அப்படி விடுபட்டதற்கு அடையாளம், ஊர் ஒதுக்கிவைத்தவரின் பக்கத்தில் போய் அவர் உட்காருவது. அந்த அடையாளம் இல்லையென்றால் விடுதலை என்று நாம் பேசுவது வெறும் மனநிம்மதி, அல்லது வெறும் செருக்கு.

1. மெச்சப்பட வேண்டும் என்ற பசி

இந்தப் பசியைப் பாவம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிற பிரசங்கங்களை நான் ஏற்பதில்லை. தாய் முகம் பார்த்துச் சிரிக்காத குழந்தை வளராது. ஆசிரியரின் ஒரு நல்ல வார்த்தை பிள்ளையின் திசையையே மாற்றிவிடும். நம் மரபும் புகழை இழிவாகப் பேசியதில்லை. வள்ளுவர் இல்லறவியலைப் புகழ் என்ற அதிகாரத்தில்தான் கொண்டுபோய் முடிக்கிறார். பழிக்கு அஞ்சுவது பல வீடுகளில் தீமைக்கு வேலியாகவும் இருந்திருக்கிறது.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பதைக் கிறித்தவ எழுத்தாளர்களில் அகுஸ்தீனைப் போல நேர்மையாகச் சொன்னவர் குறைவு. வட ஆப்பிரிக்காவில் பிறந்து, மிலானில் பேச்சுக்கலைப் பேராசிரியராக உயர்ந்தவர் அவர். பேரரசனைப் புகழ்ந்து ஆற்ற வேண்டிய உரையை மனத்தில் சுமந்துகொண்டு ஒருநாள் தெருவில் போகும்போது, குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த பிச்சைக்காரன் ஒருவனைப் பார்க்கிறார். பொய் என்று தாமும் அறிந்த, பொய் என்று கேட்பவரும் அறிந்த புகழுரைக்காகத் தாம் இரவு பகலாகத் துடிப்பதையும், சில காசுகளில் அந்த மனிதன் மகிழ்ச்சியாக இருப்பதையும் ஒப்பிட்டு வெட்கப்படுகிறார். இது அவர் மனந்திரும்புவதற்கு முந்திய கதை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, ஆயராகிப் புகழ்பெற்ற பின் அவர் எழுதியது. 400ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில், இந்த ஆசை தம்மை இன்னும் விடவில்லை என்று ஒத்துக்கொள்கிறார். உணவின் மேல் ஆசை இருக்கிறதா என்று சோதிக்க உணவை விட்டுப் பார்க்கலாம். பணத்தின் மேல் ஆசை இருக்கிறதா என்று சோதிக்கப் பணத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். புகழின் மேல் ஆசை இருக்கிறதா என்று சோதிக்க என்ன செய்வது? யாரும் புகழாதபடி கெட்டவனாக வாழ்ந்து பார்ப்பதா? நல்ல வாழ்க்கை வாழ்ந்தால் புகழ் பின்னாலேயே வந்துவிடுகிறதே என்று திகைக்கிறார்.

இந்தத் திகைப்பில் பெரிய உண்மை இருக்கிறது. மன உறுதியால் இந்தப் பசியை அடக்க முடியாது. அடக்கிவிட்டேன் என்று சொல்லும்போதே, அதை யாராவது கவனித்தார்களா என்று கண் தேடும். பசியை வெல்ல வழி உண்பதுதான். அந்த உணவு எங்கிருந்து, எப்போது கிடைக்கிறது என்பதே கேள்வி.

2. எது முதலில்?

நற்செய்தி நூல்களில் யோர்தான் நதிக்கரைக் காட்சியை நாம் அவசரமாகப் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். இயேசு யோவானிடம் ஞானஸ்நானம் பெறுகிறார். இவர் என் அன்பு மகன், இவரில் நான் மகிழ்கிறேன் என்ற பொருளில் வானத்திலிருந்து ஒரு குரல் கேட்கிறது. அந்த நேரம் வரை அவர் செய்தது என்ன? மாற்குவின் நூலை எடுத்துக்கொண்டால், ஒன்றுமே இல்லை. ஒரு நோயாளியைக்கூடக் குணமாக்கவில்லை. ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. சீடர் ஒருவரும் இல்லை. தச்சு வேலை செய்த, ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாத ஒருவர். மகிழ்ச்சி வேலைக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது.

அடுத்து வரும் சோதனைகளில் ஒன்று, எருசலேம் ஆலயத்தின் உச்சியிலிருந்து குதித்துக் காட்டு என்பது. வனாந்தரத்தில் குதிக்கச் சொல்லவில்லை. ஊர் கூடுகிற இடத்தில், எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற உயரத்திலிருந்து குதிக்கச் சொல்கிறது. நீ அன்புக்குரியவன்தான் என்றால் அதை நாலு பேர் முன்னால் நிரூபி என்கிறது சோதனை. அவர் மறுத்துவிடுகிறார். நிரூபிக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

இந்த ஊருக்குரிய ஒரு கதையையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். பெரியபுராணம் சொல்லும் பூசலார் நாயனாரின் கதை. காஞ்சியில் பல்லவ அரசன் காடவர்கோன் கற்றளி எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறான். நின்றவூரில் பூசலார் பொருள் தேடிக் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி அதே நாளைக் குறிக்கிறார். நாளை நின்றவூர்ப் பூசல் கட்டிய கோயிலுக்குள் புகப்போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்று சிவபெருமான் அரசன் கனவில் சொல்கிறார். அரசன் தேடிக்கொண்டு போனால், அந்த ஊரில் கோயிலே இல்லை. அந்தக் கற்றளி இங்கிருக்கும் கைலாசநாதர் கோயிலே என்று பலர் கருதுகிறார்கள். அந்தச் சுவர்களின் அழகைப் பார்த்துவிட்டு இந்தக் கதையை நினைப்பவருக்குக் கதையின் கனம் புரியும். உலகம் காணாத உள்ளத்தைக் கடவுள் காண்கிறார் என்பதை இதைவிட உயர்வாகச் சொல்ல முடியாது. இதைக் கிறித்தவக் கதையாக ஆக்கிக்கொள்ள நான் முயலவில்லை. இது சைவத்தின் செல்வம், அங்கேயே ஒளிவிடட்டும்.

இயேசு சொன்ன ஒரு கதை வேறொரு மனிதனைப் பற்றிக் கேட்கிறது. மனத்திலும் கோயில் கட்டாதவன், கட்ட வேண்டியதை இடித்துவிட்டு வந்தவன், அவன் கதி என்ன? லூக்கா எழுதிய கெட்ட குமாரன் கதை அது. சொத்தைப் பிரித்துக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்புகிற மகன், என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வருகிறான். கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும்படி கேட்பது அவன் திட்டம். வேலை செய்து மதிப்பைத் திரும்பச் சம்பாதிக்கலாம் என்ற கணக்கு. அப்பா அவனை அந்தப் பேச்சை முடிக்க விடவில்லை. தூரத்தில் பார்த்ததுமே ஓடுகிறார். மத்தியக் கிழக்கில் பல்லாண்டுகள் கற்பித்த விவிலிய அறிஞர் கென்னத் பெய்லி, அந்த ஓட்டத்தைக் கவனிக்கச் சொல்கிறார். அந்தச் சமூகத்தில் வயதான குடும்பத் தலைவர் தெருவில் ஓட மாட்டார். அங்கியைத் தூக்கிப் பிடித்துக் கால் தெரிய ஓடுவது மானக்கேடு. மகன் ஊருக்குள் வந்தால் ஊரார் ஏச்சை அவன் வாங்க வேண்டியிருக்கும். அது நடக்கும் முன், தகப்பன் தம் மரியாதையைத் தெருவில் இழந்து அவனைச் சேர்த்துக்கொள்கிறார் என்பது பெய்லியின் விளக்கம். நம் கிராமங்களை அறிந்தவருக்கு இது புரிவதில் சிரமமே இருக்காது.

3. பாலட்டைன் குன்றின் கிறுக்கல்

அந்தத் தகப்பனின் மானக்கேடு சிலுவையில் முழுமை பெறுகிறது. சிலுவையை நாம் பொன்னில் செய்து கழுத்தில் அணிகிறோம். ரோமப் பேரரசில் அது அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் வைத்த தண்டனை. கொல்வதைக் காட்டிலும் இழிவுபடுத்துவதே அதன் நோக்கம். நிர்வாணமாக, ஊர் வாசலில், போவோர் வருவோர் ஏசும்படி தொங்கவிடுவார்கள். கௌரவமான வீடுகளில் அந்தச் சொல்லையே உச்சரிக்கக் கூசினார்கள்.

1857இல் ரோம் நகரின் பாலட்டைன் குன்றில், அரண்மனையைச் சேர்ந்த ஒரு கட்டடத்தின் சுவரில் ஒரு கிறுக்கல் கண்டெடுக்கப்பட்டது. ஏறக்குறைய கி.பி. 200ஐ ஒட்டியது என்று பலரும் மதிப்பிடுகிறார்கள். கழுதைத் தலையோடு ஓர் உருவம் சிலுவையில் தொங்குகிறது. கீழே ஓர் இளைஞன் கையை உயர்த்தி நிற்கிறான். அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான் என்ற பொருளில் கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. உடன் இருந்தவர்கள் அவனைக் கேலி செய்து கீறியது. சிலுவையின் மிகப் பழைய ஓவியங்களுள் ஒன்றாக நமக்குக் கிடைத்திருப்பது இந்தக் கேலிச்சித்திரம்தான். அடுத்த அறையில் வேறொரு கையெழுத்தில், இலத்தீன் மொழியில், அலெக்சமெனோஸ் விசுவாசமானவன் என்ற பொருளில் இன்னொரு வரி இருக்கிறது.

சக மாணவர் கேலிக்குப் பயந்து தன்னை ஒளித்துக்கொள்ளும் எந்தப் பிள்ளைக்கும் நான் இந்தச் சுவரைக் காட்ட விரும்புவேன். அவன் வணங்கிய கடவுள் அவனுக்கு முன்பே கேலிக்கு ஆளானவர். அவனைத் துரத்திய ஏளனம் அவன் கடவுளைத் தொட்டுவிட்டுத்தான் அவனிடம் வந்தது. கடவுள் அன்பாயிருக்கிறார் என்று சொல்வது எளிது. மதிப்பெல்லாம் பறிக்கப்பட்ட இடத்தில் கடவுளே போய் நின்றார் என்பதுதான் அந்த அன்புக்குக் கிறித்தவம் தரும் விளக்கம். ஊர் என்னை மதிக்கவில்லையென்றால் நான் ஒன்றுமில்லாதவன் என்ற வாதம் அங்கே உடைகிறது.

4. ஆர்மேனியன் தெருவில் நடந்தது

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். இந்த ஊரில் ஆண்டர்சன் பெயரில் மேல்நிலைப் பள்ளி நடக்கிறது. உங்களில் பலர் அங்கே படித்தவர்கள். ஜான் ஆண்டர்சன் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மிஷனரி, 1805இல் பிறந்தவர். 1837 ஏப்ரலில் சென்னை ஆர்மேனியன் தெருவில் 59 மாணவர்களோடு அவர் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, நெல்லூர் என்று அதன் கிளைகள் பரவின.

தொடங்கிய மறு ஆண்டே சோதனை வந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்துச் சிறுவர் சிலர் பள்ளியில் சேர்ந்திருப்பது தெரிந்ததும், உயர்சாதிப் பெற்றோர் அவர்களை நீக்கச் சொன்னார்கள். ஆண்டர்சன் மறுத்தார். பெற்றோர் தங்கள் பிள்ளைகளைத் திரளாக நிறுத்திக்கொண்டார்கள். பள்ளியின் எதிர்காலம் மாணவர் எண்ணிக்கையைச் சார்ந்திருந்தது. அனுப்பி வைத்தவர்களுக்குக் காட்ட வேண்டிய கணக்கும் அதுதான். நகரத்தின் பெரிய குடும்பங்களின் நல்லெண்ணம் இல்லாமல் ஓர் ஆங்கிலப் பள்ளியை நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை அவர் அறியாதவர் இல்லை. அந்தச் சிறுவர்கள் அங்கேயே இருந்தார்கள். போனவர்களில் பலர் பின்னர் திரும்பியும் வந்தார்கள்.

ஆண்டர்சனின் துணிவை நான் மதிக்கிறேன். ஆனாலும் அவருக்கு ஸ்காட்லாந்தில் ஒரு திருச்சபை இருந்தது, சம்பளம் இருந்தது. சென்னை கைவிட்டால் போக ஓர் ஊர் இருந்தது. 1841இல் அதே பள்ளியின் மாணவர்களான ராஜகோபால், வெங்கடராமையா என்ற இரண்டு இளைஞர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். எத்திராஜுலு என்பவர் சில வாரங்களில் அவர்களைப் பின்தொடர்ந்தார். அவர்களுக்குப் போக வேறு ஊர் இல்லை. குடும்பம், சாதி, சொத்துரிமை, கல்யாணம், கடைசியில் கொள்ளி வைக்கும் உரிமை வரை எல்லாம் ஒரே நாளில் போயிற்று. பள்ளி மறுபடியும் காலியானது. ராஜகோபால் பின்னர் குருவாகப் பட்டம் பெற்றுச் சென்னையிலேயே ஊழியம் செய்தார். தம்மை இறந்தவராக எண்ணிய ஊரிலேயே, அந்தத் தெருக்களிலேயே நடந்தார்.

இந்த இடத்தில் அந்த இளைஞர்களின் தாய்மார்களை மறந்துவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை. மிஷன் வீட்டு வாசலில் வந்து அழுத தாய்களைப் பற்றி அக்கால மிஷனரிகளே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கண்ணீரை வெறும் பிடிவாதம் என்று எழுதிவிட்டுப் போன வரலாற்றாசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு மகனுடைய விடுதலை இன்னொருத்திக்கு வாழ்நாள் துயரமாக முடியலாம். கடவுளின் அன்பை முன்னிட்டு ஊரின் மதிப்பைத் துறக்கிறவர், தம்மை நேசித்தவர்களின் வலியையும் கடவுள் முன்னால் சுமக்க வேண்டியவர். அவர்களை வெறுத்துவிட்டால் சுமை குறையும். வெறுக்க அவருக்கு அனுமதி இல்லை.

ஆர்மேனியன் தெருவுக்கு ஒரு நூற்றாண்டு முன்னால், தெற்கே ஒருவர் இதையெல்லாம் தனியாகக் கடந்தார். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். டச்சுத் தளபதி டி லனாய் வழியாக விவிலியத்தில் வரும் யோபின் கதையைக் கேட்டு, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் பழகினார், அவர்களோடு உட்கார்ந்து உண்டார். 1749இல் கைதானார். எருமையின் மேல் பின்னோக்கி உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள் என்று மரபு சொல்கிறது. சிரிப்புக்கு ஆளாக்குவதே அந்தத் தண்டனை. அரசவையில் மரியாதை பெற்ற ஒருவரை வேறு எப்படி முறிப்பது? 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை நீக்கியே வாசித்தார்கள். அதற்காக விண்ணப்பித்துப் போராடியவர்கள் தமிழ்க் கிறித்தவர்களே.

5. சபைக்குள் இருக்கும் நாலு பேர்

இதுவரை சொன்னதைக் கேட்டு, கிறித்தவர்கள் பிறர் மதிப்பின் பிடியிலிருந்து விடுபட்டவர்கள் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். இந்த உரையின் கசப்பான பகுதி இது. ஆனால் இதுதான் என் கருத்துக்கு உரைகல்.

ஊரின் நாலு பேரை விட்டு வந்தவர்களுக்குத் திருச்சபை ஒரு புதிய நாலு பேரைத் தந்துவிடுகிறது. இது பேதுருவிலிருந்தே தொடங்குகிறது. அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து அங்குள்ள சபைத் தலைவர் யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொள்கிறார். நம்மவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்ததைக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் படிக்கிறோம். யூத ஆலோசனைச் சங்கத்துக்கு அஞ்சாமல் பேசிய அதே பேதுரு சொந்த மக்களின் முகச்சுளிப்புக்கு அஞ்சினார். அந்நியரின் வெறுப்பைத் தாங்கலாம். நம்மவரின் முகம் மாறுவதைத் தாங்குவதுதான் கடினம்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை நான் மிகவும் நேசிக்கிறேன். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர், தமிழ்க் கிறித்தவ இசையின் தந்தையரில் ஒருவர். இரண்டாம் சரபோஜி மன்னர் தம் இளமைத் தோழர் என்றாலும், தம் விசுவாசத்துக்கு மாறான பாடலை அவர் கேட்டபோது சாஸ்திரியார் பாட மறுத்துவிட்டார் என்று சொல்வார்கள். அரசனுடைய மெச்சுதல் அவருக்குத் தேவைப்படவில்லை. ஆனால் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று இளைய மிஷனரிகள் வலியுறுத்தியபோது, அந்த வழக்கங்களைக் காக்கும் பக்கம் நின்று எழுதியவர்களில் அவரும் ஒருவர். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சையிலும் சென்னையிலும் திரளானோர் ஆலயத்துக்கு வருவதையே விட்டார்கள். ஒரே பாத்திரத்தில் நற்கருணை பருகுவதில் வந்து எல்லாம் நின்றது. சாஸ்திரியார் பாடல்களை இன்றும் கண்ணீரோடு பாடுகிறேன். இந்த ஒன்றில் அவர் தவறினார் என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

வடக்கன்குளத்தின் கதை இன்னும் கடுமையானது. எல்லோரோடும் உண்டதற்காகத் தண்டிக்கப்பட்ட தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், 19ஆம் நூற்றாண்டில் பீடத்திலிருந்து இரண்டு கால்களாகப் பிரியும் ஆலயத்தைக் கட்டினார்கள். ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் மற்றவர்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கலாம். 1910இல் கோசானல் என்ற சேசு சபைக் குரு நடுச்சுவரை இடித்தார். வழக்குத் தொடுத்தார்கள், சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். ஆலயத்துக்குள் சாதிக்குத் தனியிடம் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. நற்செய்தி சொல்லிக் கேட்காததை நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இன்றும் தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டங்கள் சில சுவரால் பிரிந்து கிடக்கின்றன.

இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிறது. கடவுளின் அன்பு எனக்குள் சமாதானம் தந்திருக்கிறது என்ற சாட்சியை மட்டும் வைத்து ஒருவர் விடுதலை பெற்றதைத் தீர்மானிக்க முடியாது. அவர் யாரோடு உட்காருகிறார், யாருடைய பார்வை அவரை எழுந்து போக வைக்கிறது என்று கேட்க வேண்டும்.

6. சேலையும் நெய்தவரும்

அப்படியானால் யார் பேச்சையும் கேட்க வேண்டாமா? கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்வேன் என்று அறிவித்துவிட்டு மனைவி சொல்வதைக் கேட்காத கணவரும், சபைக் கணக்கைக் காட்டாத போதகரும் நம்மிடையே உண்டு. இவர்களும் விடுதலை என்றே பேசுகிறார்கள். ஆகவே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

பிள்ளையார்பாளையத்துத் தறிகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெய்த சேலை கூட்டுறவுச் சங்கத்துக்கோ முதலாளி வீட்டுக்கோ போகும்போது, விரித்துப் பார்ப்பார்கள். கோர்வை சரியாகப் பூட்டியிருக்கிறதா, கரை நேராக வந்திருக்கிறதா, இழை அறுந்து பழுது விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். பழுது இருந்தால் சொல்லத்தான் வேண்டும். நல்ல நெசவாளர் அதைத் தாமே முதலில் கண்டுபிடிப்பார். கொடுமை தொடங்குவது, சேலையைப் பார்த்த கண் நெய்தவரின் மேல் திரும்பி, நீ இவ்வளவுதான் என்று எடை போடும்போது. வேலை தீர்ப்புக்கு உட்பட்டது. ஆளின் மதிப்பு அந்த மேசைக்கு வரவே கூடாது.

பவுல் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தார். நீங்கள் என்னைத் தீர்ப்பிடுவது எனக்கு மிகச் சிறிய காரியம் என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார். அதோடு நிறுத்தியிருந்தால் செருக்கு ஆகியிருக்கும். நானே என்னைத் தீர்ப்பிடுவதில்லை என்றும் சேர்க்கிறார். ஊரின் மதிப்பீட்டைத் தூக்கி எறிந்துவிட்டுத் தம் சொந்த மதிப்பீட்டை அரியணையில் ஏற்றவில்லை. அதே நிருபத்தில், என் உணவு ஒரு பலவீனமான சகோதரனை இடறச் செய்யுமானால் இறைச்சியே உண்ண மாட்டேன் என்ற பொருளிலும் எழுதுகிறார். கைதட்டலுக்காக எதையும் மாற்றிக்கொள்ளாதவர், எளியவன் ஒருவனுக்காகத் தட்டில் இருப்பதையே மாற்றிக்கொள்ளத் தயார். நேசிக்கப்பட்டவருக்குத் தம்மைக் காத்துக்கொள்ளும் வேலை இல்லாததால், பிறர் சொல்லும் குறையைக் கேட்க நேரமும் மனமும் கிடைக்கிறது.

மதிப்பெண் பட்டியல் வந்த நாளில் அறைக்குள் பூட்டிக்கொள்ளும் பிள்ளைகளுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். மதிப்பெண் குறைந்தது உண்மையாக இருக்கலாம். அதைப் பற்றிப் பேசலாம், படிக்கலாம், மறுபடி எழுதலாம். உன் பிறப்பில் மகிழ்ந்த கடவுள் அந்தத் தாளைப் பார்த்து மனம் மாறுகிறவர் அல்லர். பெற்றோரே, ஆசிரியர்களே, இதைப் பிள்ளை எங்கிருந்தாவது கேட்க வேண்டும். நம் வாயிலிருந்து முதலில் கேட்கட்டும்.

முடிக்கும் முன், இதெல்லாம் தங்களால் ஆகாது என்று நினைப்பவர்களுக்காக ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிக்கொதேமு யோவான் நற்செய்தியில் மூன்று முறை வருகிறார். ஆலோசனைச் சங்கத்தின் உறுப்பினர், படித்தவர், பலர் மதித்தவர். முதல் முறை இரவில் வருகிறார். இரண்டாவது முறை சங்கத்தில் இயேசுவுக்கு ஆதரவாக ஒரே ஒரு சட்டக் கேள்வியை எழுப்புகிறார். நீயும் கலிலேயனோ என்று மடக்கியதும் அவர் மேற்கொண்டு பேசியதாக எழுதப்படவில்லை. மூன்றாவது முறை, சீடர்களும் சிதறிப் போயிருக்கும்போது, 30 கிலோவுக்கு மேல் வாசனைத் திரவியத்தைச் சுமந்துகொண்டு சிலுவையில் இறந்தவரை அடக்கம் செய்ய வருகிறார். அது பஸ்காப் பண்டிகையின் ஆயத்த நாள் என்கிறார் யோவான். மோசேயின் சட்டப்படி, பிணத்தைத் தொட்டவர் பஸ்காப் பந்தியில் உட்கார முடியாது, ஒரு மாதம் தள்ளித்தான் பண்டிகையை ஆசரிக்க வேண்டும். ஊரே கூடி உண்ட அந்த இரவில் அவர் இடம் காலியாக இருந்திருக்கும். ஏன் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

முதல் சந்திப்புக்கும் இதற்கும் நடுவில் பல மாதங்கள், ஒருவேளை ஆண்டுகளே ஓடிவிட்டன. இளைஞர்களே, உங்களில் யாராவது இன்னும் இரவில் வந்து போகிறவராக இருந்தால் அதற்காக உங்களையே ஏச வேண்டாம். துணிவு வந்த பிறகு பகலில் வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. இரவில் வந்தவரோடு இரவிலேயே உட்கார்ந்து பேசினார்.